கப்பல் பெரிது, நேரம் சிறிது

சிங்கப்பூரில் மகனைத் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பணிக்கு, அனுப்பிய பெற்றோருக்கு அந்தப் படகுப் பயணம் மறக்காது. சாங்கியில் ஏறினால் கால் மணி நேரம் போல, பயிற்சி முகாம் இருக்கும் புலாவ் தெக்கோங் தீவு வந்துவிடும். போகும்போது பையன் பக்கத்தில் இருக்கிறான், திரும்பும்போது இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவிக்கு ஆறுதல் சொல்லாமல் நான் சன்னல் வழியாகக் கடலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்கு இன்றைக்கும் திட்டு விழுகிறது. ஆனால் அந்தக் கடலுக்கு ஒரு கதை உண்டு. பெரிய கப்பலுக்குச் சின்னப் படகால் வரும் ஆபத்தையும், அதைத் தடுக்கும் காவல் படகையும் பற்றிய கதை.

2001 டிசம்பரில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஜெமா இஸ்லாமியா என்ற பயங்கரவாத அமைப்பின் ஆட்களைப் பிடித்தபோது, அவர்கள் தீட்டிவைத்த சதிகளில் ஒன்று அமெரிக்கக் கடற்படைக் கப்பலை வெடிகுண்டுப் படகால் மோதுவது. சாங்கிக்கும் தெக்கோங்குக்கும் நடுவே உள்ள நீர்வழியை வரைபடத்தில் குறித்துவைத்திருந்தார்கள். 2003 ஜனவரியில் அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை இதை விவரமாகச் சொல்கிறது. ஏன் அந்த இடம்? வழி அங்கே குறுகுகிறது. பெரிய கப்பல் ஒதுங்க நினைத்தாலும் ஒதுங்க இடமில்லை. இன்னொன்றும் இருக்கிறது. ஜொகூர் பாலம் 1924-லேயே சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையிலான ஜொகூர் நீரிணையை நடுவில் அடைத்துவிட்டதால், வடகரையில் உள்ள செம்பவாங் துறைக்குப் போகும் கப்பல் எதுவானாலும் கிழக்கு வாசலால்தான் நுழைய வேண்டும், அதே வாசலால்தான் வெளியே வர வேண்டும். எந்த வழியாக வரும் என்று யாரும் உளவு பார்க்கத் தேவையில்லை.

போர்க்கப்பல் என்றால் ஏவுகணை, பீரங்கி, ரேடார் எல்லாம் இருக்குமே, ஒரு சின்னப் படகுக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்கலாம். நானும் கேட்டேன். எங்கள் புளோக்கில் ஒரு பெரியவர் இருக்கிறார், துறைமுகத்தில் லாஞ்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். நங்கூரமிட்ட கப்பல்களுக்கு ஆட்களையும் சாமான்களையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. அவர் சிரித்தார். "தம்பி, கப்பல் பக்கத்துல போய் நின்னா மேல இருக்கறவன் தலை நமக்குத் தெரியாது. நம்ம லாஞ்ச் அவனுக்கும் தெரியாது. கத்தி, ஹாரன் அடிச்சு, அப்புறம்தான் ஏணி இறங்கும்" என்றார். முழு விஷயமும் அந்த வார்த்தைகளில் இருக்கிறது. உயரமான கப்பலுக்குக் காலடி தெரியாது. பெரிய பீரங்கியின் வாயை ஓரளவுக்குக் கீழே இறக்க முடியாது. ரேடாரிலும், கப்பலை ஒட்டிய நீரில் தாழ்வாக வரும் பிளாஸ்டிக் படகு அலைகளின் இரைச்சலோடு இரைச்சலாக மறைந்துபோகும். 200 கிலோமீட்டர் தள்ளி இருப்பதைப் பார்க்கக் கட்டிய கண், 200 மீட்டரில் மங்கிவிடுகிறது.

ஏமன் நாட்டின் ஏடன் துறைமுகத்தில் நடந்தது இதுதான். 2000 அக்டோபர் 12 அன்று யுஎஸ்எஸ் கோல் என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல் அங்கே எரிபொருள் நிரப்பிக்கொண்டு நின்றது. 154 மீட்டர் நீளமுள்ள நவீன நாசகாரிக் கப்பல். துறைமுக வேலைப் படகுகள் வந்து போய்க்கொண்டிருந்த நேரம். இரண்டு பேர் இருந்த ஒரு சின்னப் படகு சாவகாசமாக வந்து பக்கத்தில் நின்று வெடித்தது. கப்பலின் பக்கவாட்டில் ஏறக்குறைய 12-க்கு 18 மீட்டர் ஓட்டை, 17 மாலுமிகள் பலி. கப்பலைச் சுற்றிக் காவல் படகு எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. அதே ஆண்டு ஜனவரியில் அதே துறைமுகத்தில் யுஎஸ்எஸ் தி சல்லிவன்ஸ் கப்பலைத் தாக்கக் கிளம்பிய படகு, வெடிமருந்தின் பாரம் தாங்காமல் தானே முங்கிவிட்டது. முதல் முயற்சி தோற்றதே யாருக்கும் தெரியாததால் இரண்டாவதற்கு எச்சரிக்கையும் கிடைக்கவில்லை.

இப்போது கொஞ்சம் கணக்கு. 2001-க்குப் பிறகு அமெரிக்கா தன் கடற்பகுதியில் ஒரு விதி போட்டது. கடற்படைக் கப்பலுக்கு 500 கெஜத்துக்குள் வரும் படகு வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், 100 கெஜத்துக்குள் அனுமதி இல்லாமல் வரவே கூடாது. 25 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 46 கிலோமீட்டரில், வரும் படகு ஒரு நொடிக்கு 13 மீட்டர் கடக்கும். 500 கெஜத்தை அது முடிக்க 35 நொடி. கடைசி 100 கெஜத்துக்கு 7 நொடி. அந்த 35 நொடிக்குள் காவலுக்கு நிற்பவர் படகைக் கவனிக்க வேண்டும், மேல்தளத்துக்குச் சொல்ல வேண்டும். ஹாரன் அடித்து, வானொலியில் கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று காத்திருக்க வேண்டும். அது மீனவரா, குடித்துவிட்டு ஓட்டுபவரா, எஞ்சின் கோளாறா, கொல்ல வருகிறவரா என்று முடிவு கட்ட வேண்டும். லிப்ட் கதவு திறந்து மூடுவதற்கே சில நாள் அதைவிட நேரம் ஆகிறது.

காவல் படகு எதற்கு என்பதை இந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் புரியும். அதில் துப்பாக்கி இருக்கிறது, சரி. ஆனால் அது கப்பலுக்கு வாங்கிக் கொடுப்பது நேரம். ஆபத்து வரக்கூடிய பக்கமாக ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு படகை ஓடவிட்டால், அதே 25 நாட் எதிரிக்கு எதிராக இன்னும் 75 நொடிக்கு மேல் கிடைக்கிறது. அதோடு, வருகிறவரின் முகத்தைப் பார்க்கும் தூரத்தில் ஒரு மனிதர் இருக்கிறார். 30 மீட்டர் உயரத்திலிருந்து தொலைநோக்கியில் பார்ப்பதும், பத்து மீட்டரில் பக்கத்துப் படகிலிருந்து பார்ப்பதும் ஒன்றா? கையில் தூண்டில் இருக்கிறதா, படகு அளவுக்கு மீறி அமிழ்ந்திருக்கிறதா, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாரா என்பதெல்லாம் அங்கிருந்துதான் தெரியும்.

தைப்பூசத்தில் காவடிக்குக் கூடவே நடந்திருந்தால் இந்த வேலை உங்களுக்குப் பழக்கம்தான். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர். அலகுக் காவடி எடுப்பவரால் தலையைத் திருப்ப முடியாது, சட்டென்று நிற்க முடியாது. சுற்றி வரும் நண்பர்களில் அனுபவசாலி யார் என்று பார்த்தாலே தெரிந்துவிடும். புதிதாக வந்த பையன் காவடியையே பார்த்துக்கொண்டு நடப்பான். பழகியவர் காவடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்ப்பார். செல்பி எடுக்கக் குறுக்கே வருகிறவரை அதட்ட மாட்டார். தோளைக் கொடுத்து மெல்ல ஓரமாகக் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

கடலிலும் அந்தத் தோள் கொடுக்கிற வேலைதான் அதிகம். வருகிற படகுக்கு நேர் எதிராகப் பாய்வது பார்க்க வீரமாக இருக்கும், காரியத்துக்கு உதவாது. இரண்டும் 25 நாட் என்றால் நெருங்கும் வேகம் 50. ஒருமுறை தவறவிட்டால், நம் படகு சுற்றித் திரும்புவதற்குள் அது கப்பல் பக்கம் போய்விட்டிருக்கும். அதனால் முன்கூட்டியே வளைந்து, வருகிற படகோடு அதே திசையில் ஓடி, அதற்கும் கப்பலுக்கும் நடுவில் இடம்பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் தள்ளுவார்கள். அப்பாவியாக இருந்தால் இரண்டாவது நெருக்கலிலேயே விலகிவிடுவார். விலகாமல் மறுபடி மறுபடி கப்பல் பக்கமே மூக்கைத் திருப்பினால் அவர் எண்ணம் என்ன என்பதற்கு அதுவே பதில். சுடலாமா என்ற கேள்விக்கு வருவதற்கு முன் இப்படி ஒரு பதிலைக் கறந்துகொள்வதுதான் கெட்டிக்காரத்தனம்.

இன்னொன்று, துரத்திக்கொண்டு போகக் கூடாது. சத்தம் போட்டுக்கொண்டு ஒரு படகு வரும், காவல் படகு அதன் பின்னால் ஓடும், காலியான பக்கமாக இன்னொன்று சத்தமில்லாமல் நுழையும். திருட்டில் எவ்வளவு பழைய உத்தியோ கடலிலும் அவ்வளவு பழையது. ஆகவே ஒவ்வொரு படகுக்கும் இன்ன பக்கம் என்று எல்லை உண்டு. கப்பலின் பின்பக்க மூலைகளைக் கவனிக்க ஆள் கட்டாயம். அங்கேதான் கப்பல் கிளப்பிய அலை நுரைத்துக்கொண்டிருக்கும், மேல்தளத்திலிருந்து பார்வையும் மறையும்.

சுடுவது பற்றிச் சிங்கப்பூரில் உட்கார்ந்து யோசித்தால் வயிற்றைக் கலக்கும். 12.7 மில்லிமீட்டர் தோட்டா குறி தப்பினால் ஆறு கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். ஒரு பக்கம் ஜொகூர், ஒரு பக்கம் உபின் தீவு, ஒரு பக்கம் சாங்கி கடற்கரையில் பார்பிக்யூ. நம் துறைமுகத்தில் எந்த நேரத்திலும் ஆயிரம் கப்பல் வரை நிற்கும். கிழக்குத் தெற்கு மேற்கு, எந்தப் பக்கம் திருப்பினாலும் தோட்டாவின் வழியில் யாரோ இருக்கிறார்கள். இரண்டு காவல் படகுகள் எதிரியை நடுவில் வைத்துக்கொண்டு சுட்டால் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும்.

அப்படியும் நடந்திருக்கிறது. 1904 அக்டோபரில், ஜப்பானோடு போரிட பால்டிக் கடலிலிருந்து கிளம்பிய ரஷ்யக் கடற்படை, வடகடலின் டாகர் மேட்டில் இரவில் சில படகுகளைக் கண்டு ஜப்பானிய டார்பிடோ படகுகள் என்று பதறிச் சுட்டது. அவை ஆங்கிலேய மீன்பிடிப் படகுகள். ஜப்பான் இருந்ததோ உலகின் மறுகோடியில். மீனவர்கள் செத்தார்கள், ஒரு படகு மூழ்கியது. குழப்பத்தில் ரஷ்யக் கப்பல்கள் தங்கள் சொந்த அரோரா கப்பலையும் சுட்டு, அதிலிருந்த பாதிரியார் காயமடைந்து இறந்தார். அதே கப்பற்படை 1905 ஏப்ரல் 8 அன்று சிங்கப்பூரைக் கடந்து போனது, கரையிலிருந்தே தெரியும் தூரத்தில். அடுத்த மாதம் சுஷிமாவில் உண்மையான டார்பிடோ படகுகள் இருட்டில் வந்து மிச்சமிருந்த கப்பல்களைப் பதம்பார்த்தன. பயம் பொய்யில்லை. ஆள்தான் தவறு.

நாசகாரிக் கப்பல் என்ற இனமே இந்தப் பயத்தில் பிறந்ததுதான். 1870-களில் டார்பிடோ சுமந்த சின்னஞ்சிறு நீராவிப் படகுகள் வந்ததும், கோட்டை மாதிரி இருந்த இரும்புக் கப்பல்களுக்கு நடுக்கம் கண்டது. அந்தப் படகுகளைத் துரத்த 1893-ல் பிரிட்டன் கடலில் இறக்கிய ஹேவக் கப்பலின் வகைக்கு 'டார்பிடோ படகு நாசகாரி' என்று பெயர். பெரியதைக் காக்க வந்த சின்னக் கப்பல் அது. நூறாண்டில் வளர்ந்து வளர்ந்து அதுவே பெரியதாகி, கடைசியில் ஏடனில் ஒரு சின்னப் படகிடம் அடிவாங்கியது.

தமிழ் வாசகர்களுக்குக் கடற்புலிகளை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. அரசியலை ஒதுக்கிவைத்துத் தந்திரத்தை மட்டும் பார்த்தாலும் உலகக் கடற்படைகள் உட்கார்ந்து படித்த பாடம் அது. துப்பாக்கிப் படகுகள் கூட்டமாக வரும், அவற்றுக்குள் ஒன்றிரண்டு வெடிமருந்துப் படகுகள் கலந்திருக்கும். எது எது என்று பிரித்தறியவே காவல் படகுக்கு நேரம் போதாது. 2006 மே 11 அன்று 710 இலங்கைப் படையினரோடு போய்க்கொண்டிருந்த பேர்ல் குரூஸ் என்ற கப்பலை அவர்கள் தாக்கினார்கள். கூட வந்த இலங்கைக் கடற்படையின் டுவோரா வேகப் படகுகள் இடையில் நின்று சண்டை போட்டன. ஒரு டுவோரா அதன் ஆட்களோடு போனது, பேர்ல் குரூஸ் ஆழ்கடல் பக்கம் விலகித் தப்பியது. காவல் படகின் கணக்கு எவ்வளவு கொடூரமானது என்பது இதில் அப்பட்டமாகத் தெரிகிறது. அதன்பிறகு இலங்கைக் கடற்படை பெரிய படகுகளை மட்டும் நம்புவதை விட்டு, ஏழு மீட்டர் நீள ஏரோ படகுகளைத் தானே கட்டி, கூட்டத்துக்குக் கூட்டமாகவே எதிர்த்தது.

காவல் படகில் இருப்பவர்தான் முதலில் சாகிறார் என்பதற்கு இன்னொரு நாளும் உண்டு. 2004 ஏப்ரல் 24 அன்று ஈராக்கின் எண்ணெய் முனையங்களை நோக்கி வந்த ஒரு மரக்கலத்தைச் சோதிக்க அமெரிக்கர்களின் ரப்பர் படகு நெருங்கியது. மரக்கலம் வெடித்தது, படகில் இருந்தவர்களில் மூன்று பேர் இறந்தார்கள். முனையம் தப்பியது. அந்த வளைகுடாவில் அந்த ஆண்டுகளில் நம் எண்டியூரன்ஸ் வகைக் கப்பல்களும் பணியில் இருந்தன. 2005-ல் சிங்கப்பூர்க் கடற்படை அங்கே ஆளில்லாத புரொடெக்டர் படகுகளை இறக்கியதை நான் இந்தச் சம்பவத்தோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். ஒன்பது மீட்டர் நீளம், ஒலிபெருக்கி, கேமரா, துப்பாக்கி எல்லாம் உண்டு. போய் முகத்தைப் பார்த்து, 'யார் நீ?' என்று கேட்கிற அந்த ஆபத்தான வேலையை எந்திரத்திடம் கொடுத்துவிட்டார்கள். இப்போது 16.9 மீட்டர் நீளமுள்ள, உள்ளூரில் உருவான ஆளில்லாப் படகுகள் வந்துவிட்டன. 2025 தொடக்கத்திலிருந்து நம் கடற்பகுதியிலேயே சுற்றுக்காவல் போகின்றன.

பழைய ஃபியர்லெஸ் வகை ரோந்துக் கப்பல்களில் நான்கைப் புதுப்பித்து 2021-லிருந்து சென்டினல் வகை என்று பணியில் சேர்த்ததும் இதே யோசனைதான். அவற்றில் எனக்குப் பிடித்தது துப்பாக்கி இல்லை, பக்கவாட்டில் கட்டியிருக்கும் மோதல் தாங்கிகள். வேண்டுமென்றே உரசுவதற்காகக் கட்டிய கப்பல் என்பது அதிலேயே தெரிகிறது. கூடவே தூரத்திலிருந்து காதைத் துளைக்கும் ஒலிக்கருவி, கண்ணைக் கூசவைக்கும் லேசர். 'போய்யா' என்பதற்கும் சுடுவதற்கும் நடுவே எத்தனை படிகள் வைக்க முடியுமோ அத்தனை.

அந்தப் படிகள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். 2012 ஜூலை 16 அன்று துபாயின் ஜெபல் அலி அருகே அமெரிக்காவின் ரப்பஹானக் என்ற எரிபொருள் கப்பலை ஒரு மீன்பிடிப் படகு நெருங்கியது. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுக்காரர்கள். எச்சரித்தோம், விலகவில்லை, சுட்டோம் என்றது அமெரிக்கக் கடற்படை. எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்றார்கள் உயிர் பிழைத்த மீனவர்கள். ஒருவர் இறந்தார், மூன்று பேருக்குக் காயம். இரண்டு தரப்பும் உண்மையைத்தான் சொல்லியிருக்கக் கூடும் என்பது என் எண்ணம். டீசல் எஞ்சின் அலறும் படகில், எதிர்வெயிலில், உயரமான கப்பலிலிருந்து காட்டுகிற விளக்கும் சத்தமும் என்ன பாஷையில் போய்ச் சேர்ந்தன? நடுவில் ஒரு சின்னப் படகு போய்க் கையை ஆட்டியிருந்தால்? ஏடனில் கேட்ட கேள்விதான், ஆனால் இங்கே செத்தது மறுபக்கத்து ஆள்.

காவல் படகுக்கும் எல்லை உண்டு என்பதை உக்ரைன் காட்டிவிட்டது. 2024 பிப்ரவரி 1 அன்று ரஷ்யாவின் இவானோவெட்ஸ் ஏவுகணைக் கப்பலை, ஐந்தரை மீட்டர் நீளமுள்ள ஆளில்லாப் படகுகள் இருட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அடித்து மூழ்கடித்தன. ஓட்டுகிறவர் எங்கேயோ திரைக்கு முன் உட்கார்ந்திருக்கிறார். ஒலிபெருக்கியில் அதட்டினால் யார் காதில் விழும்? ஒதுங்குகிறதா என்று பார்த்து எண்ணத்தை அறிகிற வித்தையில் பாதி அங்கே செல்லாது. துறைமுக வாயில்களில் ரஷ்யர்கள் மிதவை வேலிகளையும் தோணிகளையும் குறுக்கே கட்ட ஆரம்பித்தார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய வைத்தியம், ஆனால் வேறு வழி இல்லை.

வேலியும் ஆள் திறந்து மூடுவதுதானே. 1945 ஜூலை 31 அன்று இதே ஜொகூர் நீரிணைக்குள் பிரிட்டனின் எக்ஸ்இ-3 என்ற குட்டி நீர்மூழ்கி நுழைந்து ஜப்பானிய கனரகக் கப்பல் தக்காவோவின் அடியில் வெடிகளை வைத்தது. வாசலில் தடுப்பு இருந்தது, திறந்து கிடந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1943 செப்டம்பர் 26 இரவு, நேச நாட்டுப் படையினர் ஆறு பேர் மூன்று மடக்குப் படகுகளில் துடுப்புப் போட்டுக்கொண்டே சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குள் வந்து காந்தக் கண்ணிகளை ஒட்டிவிட்டுப் போனார்கள். ஆறேழு கப்பல் சேதம். வந்தது யார் என்று அப்போது ஜப்பானியருக்குப் புரியவில்லை. ஊருக்குள் இருப்பவர்கள் வேலை என்று முடிவுகட்டி அக்டோபர் 10-ல் அப்பாவிகளைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். காவல் தூங்கியதற்கான விலையை ஊர் கொடுத்தது.

இன்று நம் துறைமுகத்தில் எஞ்சின் வைத்த சின்னப் படகுகளும் அடையாளக் கருவி பொருத்தியிருக்க வேண்டும். கடல்துறை, துறைமுக ஆணையம் 2007-ல் தொடங்கிய ஏற்பாடு. அது திருடனைப் பிடிக்காது, ஆனால் நல்லவர்களைத் திரையில் பெயரோடு காட்டிவிடும். மிச்சமிருப்பதைத் தேடினால் போதும். கயாக்குக்கு எஞ்சின் இல்லை என்பது வேறு விஷயம்.

போன மாதம் உபினுக்குப் பம்போட்டில் போனோம். பன்னிரண்டு பேர் சேரும் வரை காத்திருந்து கிளம்பியது. பாதி வழியில் ரோந்துப் படகு ஒன்று எங்களுக்கு இணையாக வந்தது. படகுக்காரர் ஒன்றும் பேசாமல் விசையைக் குறைத்து வலப்பக்கம் ஒதுங்கினார். ரோந்துப் படகின் முன்னால் நின்றிருந்த பையனுக்கு என் மகன் வயதுதான் இருக்கும். எங்கள் தலைகளை எண்ணினான், பின்னால் கிடந்த சைக்கிள்களைப் பார்த்தான், என் மனைவி கையசைத்தாள். அவன் பதிலுக்கு அசைக்கவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தெக்கோங் பக்கத்துத் தண்ணீரைப் பார்க்கத் தொடங்கினான்.